இரண்டு கண்ணுக்கும் ஒரே கோடு போடலாமா? நீரிழிவு விழித்திரை நோய்க்கான அமெரிக்கக் குறியீடுகள்

கேட்டவர் சென்னையிலிருந்து ஓர் அமெரிக்க விழித்திரை கிளினிக்குக்குக் கோடிங் செய்பவர். அவருடைய கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான். டைப் 2 நீரிழிவு உள்ள ஒரு மெடிகேர் (அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீடு) நோயாளிக்கு வலக்கண்ணில் மிதமான என்பிடிஆர் (புது இரத்தக் குழாய்கள் முளைக்காத கட்டத்தில் உள்ள நீரிழிவு விழித்திரை நோய்), மாக்குலர் எடிமாவுடன் (விழித்திரை மையத்தின் வீக்கம்) இருக்கிறது. இடக்கண்ணிலும் மிதமான என்பிடிஆர்தான், ஆனால் எடிமா இல்லை. அவர் இன்சுலினும் மெட்ஃபார்மினும் எடுத்துக்கொள்கிறார். சார்ட்டில் ஓரிடத்தில் 'அன்கன்ட்ரோல்ட் டயபடிஸ்' என்று எழுதப்பட்டிருக்கிறது. பழைய நோய்ப் பட்டியலில் கண்புரையும் க்ளாக்கோமாவும் உள்ளன. அன்றைய தினம் வலக்கண்ணில் எடிமாவுக்கான ஐலியா என்ற மருந்து 2 மி.கி. ஊசியாகப் போடப்பட்டது. இதற்கு இ11.3313, இ11.65, இசட்79.4 என்று நோய்க் கோடுகளும், 67028-ஆர்டி (வலக்கண்ணில் ஊசி போடுதல்), ஜே0178 இரண்டு யூனிட் (ஐலியா மருந்து), 92134 (ஓசிடி எனப்படும் விழித்திரை ஸ்கேன்), 92014-25 (ஊசியிலிருந்து தனியான கண் பரிசோதனை) என்று சேவைக் கோடுகளும் போட்டு அனுப்பிய கிளெய்ம் (கட்டணக் கோரிக்கை) திரும்பி வந்துவிட்டது. எச்36.0 சேர்க்காமல் விட்டதுதான் காரணமா என்பது கேள்வி.

இதில் உண்மையில் இரண்டு கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. கோடிங் சரியா என்பது ஒன்று; பணம் ஏன் வரவில்லை என்பது மற்றொன்று. தவறான கோடுக்குப் பணம் வந்துவிடுவதும், சரியான கோடு திரும்பி வருவதும் இந்தத் தொழிலில் அன்றாடம் நடப்பவை. ஆகவே டினையலை, அதாவது பணம் மறுக்கப்பட்டதை, வைத்துக் கோடிங்கை எடை போடக் கூடாது. கண் மருத்துவக் கோடிங்கிலும் அதன் பிறகு தணிக்கையிலும் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் முதல் கேள்விக்கு உறுதியாகவே பதில் சொல்ல முடியும். இரண்டாவதற்கு, நீங்கள் கொடுத்துள்ள விவரங்களை வைத்து ஓரளவுக்குத்தான் சொல்ல முடியும். (குறியீடுகளின் முதல் எழுத்துகளை ஒலிப்படியே தமிழில் எழுதுகிறேன், உங்கள் திரையில் அவை எப்படி இருக்கும் என்பது உங்களுக்கே தெரியும்.)

எச்36.0 பற்றிய குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம். நோய்களுக்கு எண் தரும், உலக சுகாதார நிறுவனத்தின் மூல ஐசிடி-10 நூலில் நீரிழிவு விழித்திரை நோய்க்கு எச்36.0 என்ற எண் உண்டு. நீரிழிவுக்கான எண்ணோடு அதைச் சேர்த்து எழுத வேண்டும். அமெரிக்காவில் 2015 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கும் ஐசிடி-10-சிஎம் பதிப்பில் அந்த ஏற்பாடே இல்லை. அங்கே நீரிழிவும் கண் பாதிப்பும் ஒரே கோடுக்குள் அடங்கிவிடுகின்றன. எச்36 பகுதியின் கீழ் நீரிழிவு விழித்திரை நோயை இங்கே போடாதே என்று எக்ஸ்க்ளூட்ஸ்1 குறிப்பும் இருக்கிறது. பழைய ஐசிடி-9 காலத்தில் 250.50 ஒன்று, 362.05 ஒன்று, எடிமாவுக்கு 362.07 ஒன்று என்று மூன்று எண்களை அடுக்கிய பழக்கம் உள்ளவர்களுக்கும், இணையத்தில் தேடி மூலப் பதிப்பின் பட்டியலில் போய் விழுந்தவர்களுக்கும் இந்த ஐயம் வருவது இயல்பே. எச்36.0 சேர்க்காதது சரி. சேர்த்திருந்தால் கிளியரிங்ஹவுஸிலேயே (கிளெய்மைச் சரிபார்த்துக் காப்பீட்டாளருக்கு அனுப்பும் இடைநிலை நிறுவனம்) செல்லாத கோடு என்று நின்றிருக்கும்.

இனி இ11.3313 பற்றி. இ11 டைப் 2 நீரிழிவைக் குறிக்கிறது; புள்ளிக்குப் பின் வரும் 3 கண் பாதிப்பைக் குறிக்கிறது; அடுத்த எண் நோயின் கட்டத்தைச் சொல்கிறது. 2 என்றால் லேசான என்பிடிஆர், 3 மிதமானது, 4 தீவிரமானது, 5 புது இரத்தக் குழாய்கள் முளைத்துவிட்ட பிடிஆர். ஆறாவது இடத்தில் 1 இருந்தால் எடிமா உண்டு, 9 இருந்தால் இல்லை. பிடிஆரில் மட்டும் 2 முதல் 5 வரையிலான எண்கள் விழித்திரை இழுபட்டுப் பிரிந்த நிலைகளுக்கும், அடங்கிய பிடிஆருக்கும் ஒதுக்கப்பட்டுள்ளன. ஏழாவது இடம் 2016 அக்டோபர் 1 அன்று சேர்க்கப்பட்டது: 1 வலம், 2 இடம், 3 இரு கண்களும், 9 எந்தக் கண் என்று குறிப்பிடப்படவில்லை. ஆக நீங்கள் போட்ட இ11.3313, இரு கண்களிலும் மிதமான என்பிடிஆரும் இரு கண்களிலும் மாக்குலர் எடிமாவும் இருப்பதாக அறிவிக்கிறது. மருத்துவர் அப்படி எழுதவில்லை. அவருடைய வாக்கியத்துக்கு உரிய கோடுகள் இரண்டு: வலக்கண்ணுக்கு இ11.3311, இடக்கண்ணுக்கு இ11.3392. கட்டம் ஒன்றாக இருந்து எடிமா மட்டும் வேறுபடும்போது, '3' போட்டு ஒரே வரியில் முடித்துவிடலாம் என்ற எண்ணம் எழும். தணிக்கையில் நான் மிக அதிகமாகப் பார்க்கும் பிழை இதுதான். வலக்கண்ணையும் இடக்கண்ணையும் இரண்டு தனிச் சார்ட்டுகளாக எண்ணி வாசியுங்கள். இரண்டுக்கும் ஆறு எழுத்தும் அச்சாக ஒத்துப்போனால் மட்டும் கடைசியில் 3 போடுங்கள்.

எல்லா நீரிழிவுக் கண் கோடுகளுக்கும் ஏழாவது எழுத்து உண்டு என்று எண்ணிவிட வேண்டாம். கட்டம் குறிப்பிடப்படாத விழித்திரை நோய்க்கான இ11.311, இ11.319 ஆகியவை ஆறு எழுத்தோடு முடிகின்றன; கண்புரைக்கான இ11.36, பிற கண் பாதிப்புக்கான இ11.39 ஆகியவை ஐந்தோடு நின்றுவிடுகின்றன. சிகிச்சைக்குப் பின் வற்றிய எடிமாவுக்கான இ11.37எக்ஸ்1 போன்ற கோடுகளில் நடுவில் வரும் எக்ஸ் வெறும் இடம்நிரப்பி. அதை விட்டுவிட்டால் கோடு செல்லாது. நீரிழிவின் வகைக்கு ஏற்ப முதல் மூன்று எழுத்துகளும் மாறும்: டைப் 1க்கு இ10, மருந்தால் வந்ததற்கு இ09, வேறொரு நோயால் வந்ததற்கு இ08, கணையத்தை அகற்றியதால் வந்தது போன்றவற்றுக்கு இ13. வகையே எழுதப்படாவிட்டால், நோயாளி இன்சுலின் எடுத்தாலும் கூட, இ11தான்.

கட்டத்தை நிர்ணயிக்கும் உரிமை கோடருக்குக் கிடையாது. இதைச் சற்று விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் அனுபவம் கூடக் கூட இந்த எல்லையைத் தாண்டத்தான் கை துறுதுறுக்கும். தீவிர என்பிடிஆருக்கு மருத்துவர்கள் '4-2-1' என்றொரு விதி வைத்திருக்கிறார்கள்: விழித்திரையின் நான்கு கால்பகுதிகளிலும் மிகுதியான இரத்தக்கசிவு, அல்லது இரண்டு பகுதிகளில் சிரைகள் மணிகோத்தாற்போல் புடைத்திருத்தல், அல்லது ஒரு பகுதியில் ஐஆர்எம்ஏ எனப்படும் குழாய்க் கோளாறு. பரிசோதனைப் பகுதியில் இவை எழுதப்பட்டிருப்பதைக் கண்டதும் மதிப்பீட்டுப் பகுதியில் வெறும் 'என்பிடிஆர்' என்று இருந்தாலும் நமக்கு இ11.34 என்று போடத் தோன்றும். போடக் கூடாது. கட்டம் சொல்லாத என்பிடிஆர், நூலின்படி, லேசானது என்ற இ11.32 பிரிவிலேயே சேர்க்கப்பட்டுள்ளது. அங்கே உள்ளடங்கு சொல்லாகவே அது அச்சாகி இருக்கிறது. இது மருத்துவ உண்மைக்குப் புறம்பாக இருக்கலாம் என்று பட்டால் மருத்துவருக்குக் குவெரி (விளக்கம் கேட்டு எழுதும் கேள்வி) அனுப்புவதே வழி. ஓசிடி அறிக்கையில் மாக்குலாவின் தடிமன் கூடியிருப்பதாக ஓர் எண் இருக்கிறது என்பதற்காக எடிமா என்று நாமே முடிவு செய்வதும் இதே வகை மீறல்தான். மறுபுறம், மருத்துவர் 'மையத்தைத் தொட்ட எடிமா' என்று எழுதினாலும் 'மையத்தைத் தொடாதது' என்று எழுதினாலும் கோடு ஒன்றுதான். சிகிச்சையில் அது பெரிய வேறுபாடு, ஐசிடியில் அதற்கு இடமில்லை.

இ11.65 போட்டதும் சரியில்லை. அது நீரிழிவோடு இரத்தச் சர்க்கரை மிகை உள்ள நிலைக்கு உரியது. 'அன்கன்ட்ரோல்ட்' என்ற சொல்லைக் குறியீட்டு நூலின் அகரவரிசையில் தேடினால், மிகைச் சர்க்கரை என்ற பொருளில் சொல்லப்பட்டதா, குறைச் சர்க்கரை என்ற பொருளில் சொல்லப்பட்டதா என்று அது நம்மையே திருப்பிக் கேட்கும். 'பூர்லி கன்ட்ரோல்ட்' அல்லது 'அவுட் ஆஃப் கன்ட்ரோல்' என்று இருந்தால் அது நேரே மிகைச் சர்க்கரைக்கு அழைத்துச் செல்லும். 'அன்கன்ட்ரோல்ட்' என்று மட்டும் இருந்தால் குவெரிதான். எச்பிஏ1சி (சராசரிச் சர்க்கரை அளவு) எவ்வளவு உயர்ந்திருந்தாலும் அந்த எண்ணைப் பார்த்து நாம் கோடு போட முடியாது. மருந்துகளைப் பொறுத்தவரை இசட்79.4 மட்டும் போட்டது பழைய விதி. இன்சுலினும் வாய்வழி மாத்திரையும் சேர்ந்தே இருந்தால் இன்சுலினை மட்டும் காட்டினால் போதும் என்று முன்பு வழிகாட்டுதல் இருந்தது. இப்போது இரண்டையும் காட்ட வேண்டும். எனவே மெட்ஃபார்மினுக்கு இசட்79.84 சேருங்கள். ஓசெம்பிக் போன்ற இன்சுலின் அல்லாத ஊசிகளுக்கு 2022 அக்டோபர் முதல் இசட்79.85 தனியே இருக்கிறது.

கண்புரையும் க்ளாக்கோமாவும் ஒரே மாதிரி நடத்தப்படுவதில்லை. அகரவரிசையில் நீரிழிவு என்ற சொல்லின் கீழ் 'வித்' என்ற தலைப்பில் பெயர் சொல்லி வரும் நோய்களுக்கு, மருத்துவர் தொடர்பு எழுதாவிட்டாலும், நீரிழிவே காரணம் என்று கொள்ளும்படி விதி சொல்கிறது. மருத்துவர் தொடர்பில்லை என்று தெளிவாக எழுதினால் மட்டும் விலக்கு. கண்புரை அந்தப் பட்டியலில் உண்டு. ஆகவே வெறும் 'கண்புரை' என்று மதிப்பிட்டிருந்தால் இ11.36. க்ளாக்கோமா அந்தப் பட்டியலில் பெயர் சொல்லி வரவில்லை. 'வேறெங்கும் வகைப்படுத்தப்படாத கண் பாதிப்பு' என்ற பொதுவான வரிக்குள் அதை நாமாகத் தள்ளி இ11.39 போட முடியாது, மருத்துவரே தொடர்பை எழுத வேண்டும். இதுவரை உறுதி. ஆனால் மருத்துவர் 'வயது காரணமான கண்புரை' என்று எழுதியிருக்கும்போது அந்தச் சொல் நீரிழிவோடு உள்ள தொடர்பை மறுக்கிறதா இல்லையா என்பதில் தணிக்கையாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. எழுபது வயது நோயாளியின் சாதாரணக் கண்புரையை நீரிழிவுக் கண்புரை என்று அழைக்க எந்தக் கண் மருத்துவரும் விரும்புவதில்லை என்பதும் இந்தச் சிக்கலைக் கூட்டுகிறது. என் வழக்கம் குவெரி அனுப்புவது. உங்கள் கிளெய்மில் இந்த இரண்டும் அன்றைக்குப் பரிசோதிக்கப்படவோ சிகிச்சையில் கணக்கில் கொள்ளப்படவோ இல்லை, பழைய பட்டியலில் மட்டுமே இருக்கின்றன என்றால், அவற்றைத் தொட வேண்டிய தேவையே இல்லை.

சேவை வரிகளுக்கு வருவோம். கிளெய்ம் அனுப்பும் சிஎம்எஸ்-1500 படிவத்தின் 21ஆம் கட்டத்தில் பன்னிரண்டு நோய்க் கோடுகள் வரை எழுதலாம். ஒவ்வொரு சேவை வரிக்கும் 24இ கட்டத்தில் அவற்றில் நான்கு வரை சுட்டலாம். இந்தச் சுட்டலைத்தான் பலர் கவனிக்காமல், எல்லா வரிக்கும் எல்லாவற்றையும் சுட்டிவிடுகிறார்கள். உங்கள் கிளெய்மில் முதலிடத்தில் இ11.3311, இரண்டாவதில் இ11.3392, அதன் பின் இசட்79.4, இசட்79.84 என்று எழுதினால், 67028-ஆர்டி வரியும் மருந்து வரியும் முதல் கோடை மட்டும் சுட்ட வேண்டும், ஏனென்றால் ஊசி வலக்கண்ணுக்கு, அதுவும் எடிமாவுக்கு. 92134 வரியில் ஓசிடி இரு கண்களுக்கும் எடுத்திருந்தால் இரண்டையும் சுட்டலாம். அந்தக் கோடின் விளக்கமே 'ஒரு கண் அல்லது இரு கண்' என்பதால் ஒரு முறைதான் போட வேண்டும், ஆர்டி (வலம்), எல்டி (இடம்), 50 (இரு பக்கமும்) எதுவும் தேவையில்லை. அதே நாளில் 92250 ஃபண்டஸ் புகைப்படமும் எடுத்திருந்தால் இரண்டும் என்சிசிஐ ஜோடியில் (ஒரே நாளில் சேர்த்துப் போட்டால் பொதுவாக ஒன்றுக்கு மட்டுமே பணம் தரும் கோடுகளின் பட்டியல்) சிக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

மருந்து வரியில்தான் எனக்கு ஐயம். ஜே0178 ஒரு மில்லிகிராமுக்கு ஒரு யூனிட், 2 மி.கி.க்கு இரண்டு யூனிட் போட்டது சரி. (8 மி.கி. ஐலியா எச்டியாக இருந்தால் கோடே வேறு, ஜே0177, எட்டு யூனிட். ஃபாரிசிமாப் என்றால் ஜே2777, 0.1 மி.கி. கணக்கில் அறுபது யூனிட். யூனிட் கணக்கு மருந்துக்கு மருந்து மாறுவதால் மனப்பாடத்தை நம்பாமல் ஒவ்வொரு முறையும் விளக்கத்தைப் பாருங்கள்.) ஆனால் நீங்கள் கொடுத்த வரியில் ஜேஇசட் என்ற மாடிஃபையர் (கோடின் பின் சேர்க்கும் துணைக்குறி) இல்லை. ஒரே தடவைக்கான குப்பியிலிருந்து எதுவும் வீணாகவில்லை என்றால் ஜேஇசட், வீணாகியிருந்தால் அந்த அளவைத் தனி வரியில் ஜேடபிள்யூவுடன் காட்ட வேண்டும் என்பது மெடிகேர் பார்ட் பியின் (மெடிகேரில் மருத்துவர் சேவைகளுக்கான பகுதி) விதி; இதில் ஜேஇசட் 2023 ஜூலை 1 முதல் கட்டாயம். அந்த ஆண்டு அக்டோபரிலிருந்து இது இல்லாத கிளெய்ம்கள் கணினிச் சோதனையிலேயே நிறுத்தப்படலாம் என்று மெடிகேரை நடத்தும் சிஎம்எஸ் அறிவித்தது. குப்பியில் லேபிள் அளவுக்கு மேல் நிறுவனம் நிரப்பித் தரும் உபரியை வீணானதாகக் கணக்குக் காட்டக் கூடாது. ஆகவே ஐலியா 2 மி.கி. முழுதும் போடப்பட்டிருந்தால் ஜேஇசட்தான்.

92014-25 வரியையும் மறுபடி பாருங்கள். 67028 பூஜ்ய நாள் குளோபல் உள்ள, அதாவது அன்றைய நாளின் தொடர்புடைய வேலை மட்டும் கட்டணத்துக்குள் அடங்கும், சிறு சிகிச்சை. அன்று ஊசி போட வேண்டுமா என்று பார்த்து முடிவெடுக்கும் வேலை அந்தச் சிகிச்சைக் கட்டணத்துக்குள்ளேயே அடங்கும். நோயாளி ஏற்கெனவே குறித்த தேதியில் ஊசிக்காக மட்டும் வந்திருந்தால் பரிசோதனைக் கட்டணம் போடக் கூடாது. இடக்கண்ணில் புதிய புகார் ஒன்றுக்காக விரிவாகப் பார்த்தார்கள் என்பது போன்ற தனி வேலை சார்ட்டில் தெரிந்தால் மட்டும் 25 நிற்கும். ஒவ்வொரு ஊசி நாளிலும் தானாகவே 92014-25 சேர்த்துவிடும் வார்ப்புரு சில கிளினிக்குகளின் மென்பொருளில் இருக்கிறது; பின்னாளில் தணிக்கை வரும்போது பணத்தைத் திருப்பிக் கேட்பது அந்த வரிக்காகத்தான் இருக்கும்.

இப்போது, கிளெய்ம் ஏன் திரும்பியது? இ11.3313 என்ற தவறான கோடு மட்டுமே அதற்குக் காரணம் என்று நான் நினைக்கவில்லை. இரு கண் கோடோடு ஆர்டி போட்ட ஊசி வரி பல இடங்களில் தடையின்றிக் கடந்து போவதைப் பார்த்திருக்கிறேன். சில காப்பீட்டாளர்களின் மென்பொருள் மட்டும் அதை நிறுத்துகிறது. உறுதியாகச் சொல்ல ரெமிட்டன்ஸில் (காப்பீட்டாளர் அனுப்பும் பதில் அறிக்கை) உள்ள காரண எண் வேண்டும், அதை நீங்கள் எழுதவில்லை. சிஓ-16 என்று இருந்தால் தகவல் குறைவு. ஜேஇசட் பக்கம் பாருங்கள். சிஓ-4 என்றால் மாடிஃபையர் பொருந்தவில்லை. சிஓ-11 என்றால் நோய்க் கோடும் சேவையும் ஒத்துப்போகவில்லை. சுட்டலையும் கண்ணையும் பாருங்கள். சிஓ-97 என்றால் ஒன்றுக்குள் ஒன்று அடங்கியது. 92014 மீது கண் வையுங்கள். சிஓ-50 என்றால் மருத்துவத் தேவை நிறுவப்படவில்லை. அப்போது அந்தப் பகுதி மெடிகேர் ஒப்பந்ததாரரின் எல்சிடியையும் (எதற்குப் பணம் தரப்படும் என்று சொல்லும் உள்ளூர் விதி), முந்தைய ஊசியிலிருந்து எத்தனை நாள் ஆகியிருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். அதே கண்ணில் 28 நாளுக்குள் அடுத்த ஊசியைப் பல காப்பீட்டாளர்கள் ஏற்பதில்லை.

இதே நோயாளி அடுத்தடுத்து வரும்போது வேறொரு கேள்வி எழும், இப்போதே சொல்லிவைக்கிறேன். சில ஊசிகளுக்குப் பின் எடிமா வற்றிவிடும். ஆனால் அது திரும்பாமல் இருக்க இடைவெளியை நீட்டி நீட்டி ஊசி தொடரும். அப்போது இ11.3311ஐத் தொடர்வதா, வற்றிய எடிமாவுக்கான இ11.37எக்ஸ்1க்கு மாறுவதா? சிகிச்சை நடக்கும் வரை நோய் இருக்கிறது, மருந்துதான் அதை அடக்கி வைத்திருக்கிறது என்ற வாதம் எனக்கு வலுவாகப் படுகிறது. மாத்திரையால் இரத்த அழுத்தம் சீராக இருப்பவருக்கு நாம் அந்த நோயின் கோடை எடுத்துவிடுவதில்லையே. ஆயினும் இது என் கருத்து, விதி அல்ல. மருத்துவர் 'எடிமா வற்றிவிட்டது' என்று மட்டும் எழுதி, ஊசி ஏன் தொடர்கிறது என்று எழுதாவிட்டால், அந்த வாக்கியத்தை மீறி நாம் இ11.3311 போட முடியாது. 'ஊசியால் கட்டுப்பாட்டில் உள்ள டிஎம்இ (நீரிழிவு மாக்குலர் எடிமா), பராமரிப்பு ஊசி தொடர்கிறது' என்று ஒரு வரி எழுதச் சொல்லி மருத்துவரிடம் இப்போதே பேசிவிடுவது நல்லது. பிடிஆரோடு கண்ணாடிக்கூழில் இரத்தக்கசிவும் இருக்கும்போது எச்43.11 போன்ற கோடோடு இ11.39ஐயும் சேர்க்க வேண்டுமா என்பதிலும் அலுவலகத்துக்கு அலுவலகம் வழக்கம் மாறுகிறது. உங்கள் வாடிக்கையாளரின் எழுத்துபூர்வக் கொள்கையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

திருத்தி அனுப்பும் முறையும் காரண எண்ணையே பொறுத்தது. சிஓ-16உடன் எம்ஏ130 என்ற குறிப்பு வந்திருந்தால், மெடிகேர் அந்தக் கிளெய்மைப் பரிசீலிக்கவே இல்லை என்று பொருள்; அதற்கு மேல்முறையீடு கிடையாது, திருத்தங்களோடு புதிய கிளெய்மாகவே அனுப்ப வேண்டும். பரிசீலித்து மறுத்திருந்தால் ரீஓப்பனிங் (முடிவை மறுபடி திறந்து திருத்தக் கேட்பது) அல்லது மேல்முறையீடு. தனியார் காப்பீட்டாளருக்கு அனுப்பும் மாற்றுக் கிளெய்முக்கான 7 என்ற எண்ணை மெடிகேர் பார்ட் பி கிளெய்மில் போட்டு அனுப்ப வேண்டாம். எப்படியானாலும் சேவை நாளிலிருந்து ஓராண்டுக்குள் கிளெய்ம் போய்ச் சேர வேண்டும். அதற்கு முன் 'அன்கன்ட்ரோல்ட்' குறித்த குவெரிக்குப் பதில் வருமா என்று காத்திருக்க வேண்டியதில்லை, இ11.65 இல்லாமலேயே இந்த ஊசிக்கான காரணம் முழுமையாக நிற்கிறது.